விழிப்புணர்வுக்குப் பஞ்சமில்லை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்த மருத்துவ முகாமுக்குப் போனாலும், எந்தச் சமுதாய நலக்கூடத்துச் சர்க்கரை நோய் வகுப்பில் உட்கார்ந்தாலும், மேடையிலிருந்து ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: "நம்ம மக்கள்கிட்ட விழிப்புணர்வே இல்லை." டாக்டர் சொல்கிறார், கவுன்சிலர் சொல்கிறார், நன்றியுரை ஆற்ற வந்தவரும் அதையே சொல்லி முடிக்கிறார். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அவர்களில் பலருடைய கைப்பையில் அப்போதே ஒரு மாத்திரை அட்டை இருக்கும்.

இந்த வாக்கியம் தவறு என்பதே என் வாதம். கேட்பவர்களை அது அவமதிக்கிறது என்பது மட்டும் குறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் மருத்துவமனைகள் நடத்தும் வகுப்புகளும் முகாம்களும், வட்டார டாக்டர்களைப் பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகளும் இந்தத் தவறான கணிப்பின் மேல்தான் நிற்கின்றன. நோயைத் தப்பாகக் கணித்துவிட்டு எத்தனை பாட்டில் மருந்து கொடுத்து என்ன பயன்?

தெருவில் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். கொரட்டூரில் பூ கட்டி விற்கும் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும், சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று தெரியும். "மூணு மாச சராசரி எட்டு காட்டுது" என்று அவரே சொல்வார். உப்பைக் குறை, சோற்றைக் குறை, நட, புகையை விடு என்ற நான்கு கட்டளைகளும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேருந்தின் பின்புறத்திலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வந்து வந்து, இனி வர இடமில்லாத அளவுக்கு வந்துவிட்டன. தெரிந்த விஷயம் ஏன் நடக்கவில்லை என்பதே கேள்வி. மேடை அதைக் கேட்பதில்லை. கேட்டால் பதில் மேடையில் இருப்பவர்களையும் சேர்த்துச் சுட்டும்.

கையில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஸ்டெப்ஸ்' முறைப்படி தமிழ்நாட்டில் எடுத்த 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காடு. விழிப்புணர்வு இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அன்று பலரும் கேட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்து, வீட்டுக்கே போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத மாத்திரையைக் கையில் கொடுக்கும் ஏற்பாடு அது. அடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் அந்த இரண்டு எண்களும் 17, 16.7 என்று ஏறின. முழுப் புகழையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இடைப்பட்ட சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு மக்கள் திடீரென்று அறிவாளிகளாகி விடவில்லை. முன்பு தெரிந்திருந்ததுதான் அப்போதும் தெரிந்திருந்தது. மாறியது என்னவென்றால், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையும் சர்க்கரை மானியும் படியேறி வந்தன.

இரத்தக் கொதிப்பு வலிக்காது. தனக்கு அது இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரியாமல் போனால், யாரும் அவர் கையில் பட்டை சுற்றிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். எத்தனை சொற்பொழிவு கேட்டாலும் தன் அழுத்தம் எவ்வளவு என்று ஒருவருக்குத் தெரியப்போவதில்லை.

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் முதல் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தபோது, தமிழ்நாட்டில் மூன்றில் ஏறக்குறைய இரண்டு பிரசவங்கள்தான் மருத்துவமனைகளில் நடந்தன. ஐந்தாவது கணக்கெடுப்பில் அது 99.6 விழுக்காடு. பாட்டிமார்களுக்கு யாரோ பாடம் நடத்தியதால் வந்த மாற்றமா இது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைப் போட்டு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பதிந்தார். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி உதவித் திட்டம் வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்குக் கொஞ்சம் ஈடு கொடுத்தது. நள்ளிரவில் வலி எடுத்துப் போனால் விளக்கு எரிகிறது, ஆள் இருக்கிறார் என்று ஆனதும் பெண்கள் போனார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அந்தக் கதவு மூடிக் கிடந்ததை அறியாமை என்று அவர்கள் மேல் எழுதிவிட்டோம்.

இந்தப் பழி புதிதில்லை. 1950-களில் காசநோய்க்கு மருந்து வந்தபோது, ஏழைகளை வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுக்க முடியாது என்பது பெரும்பாலான நிபுணர்களின் எண்ணம். ஒற்றை அறையில் ஏழு பேர் இருப்பார்கள், சத்தான சாப்பாடு கிடையாது, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள், சானடோரியத்தில் படுக்க வைப்பது ஒன்றே வழி என்றார்கள். 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவை அவர்களுடைய வீட்டிலேயே விட்டு, செவிலியர்களும் சுகாதாரப் பணியாளர்களும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. நெருக்கடியான வீடுகளில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய நிகராகக் குணமானார்கள். வீட்டில் உடன் இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தைப் படுக்கையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த ஆய்வு. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்து நிற்பது அதே மையம்தான். ஏழைக்குப் பொறுப்பு வராது என்ற தீர்ப்பை மெட்ராஸ் ஏழைகளே உடைத்தார்கள், தேடிவர ஆள் இருந்தபோது.

நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரக் கிராமங்களில், பிசிஜி தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று தொடங்கியது. மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்யப்பட்டார்கள். தோலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், மார்புப் படம் எடுத்தார்கள், சளி வாங்கினார்கள். ஒரு நாளோடு முடியவில்லை. பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து வாங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இந்த மண்ணின் விவசாயிகளும் கூலிக்காரர்களும்தான். அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் ஆண்டுக்கணக்கில் கையை நீட்டினார்கள், ஏனென்றால் வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று ஆவடியிலும் பட்டாபிராமிலும் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் விழிப்புணர்வு இல்லை என்கிறோம்.

பூந்தமல்லியையும் சொல்லாமல் விட முடியாது. சுதந்திரத்துக்கு முன்பே ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆதரவோடு நாட்டின் சில இடங்களில் மட்டும் தொடங்கிய மாதிரிச் சுகாதாரப் பிரிவுகளில் அதுவும் ஒன்று. பொதுச் சுகாதாரத் துறையின் பயிற்சி நிறுவனம் இன்றும் அங்கே இயங்குகிறது. 1939-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணமும் நம்முடையதுதான். மக்களிடம் போய் மருத்துவம் சொல்லும் கலையில் இந்த ஊருக்கு மூன்று தலைமுறைப் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுத்தான் பேனரும் புரொஜெக்டரும் பிடித்துக்கொண்டோம்.

இன்றைய வகுப்பு எப்படி நடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. திருமண மண்டபம் அல்லது பள்ளி வகுப்பறை. முக்கால் மணி நேரம் படம் போட்டு விளக்கம். கணையம் எங்கே இருக்கிறது, இன்சுலின் என்ன செய்கிறது. பிறகு உணவு நிபுணர் வந்து ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய், மூன்று வேளைக்குப் பதில் ஐந்து சிறு வேளைகள் என்று பட்டியல் படிக்கிறார். கடைசியில் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை, கூடவே பாதி விலையில் 'முழு உடல் பரிசோதனை' என்று ஒரு கூப்பன்.

பட்டறவாக்கத்தில் லேத் ஓட்டும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1964-இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூன்று ஷிப்டு நடக்கிறது: ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, இரவு பத்திலிருந்து ஆறு. அவருக்கு வாரம் ஒரு ஷிப்டு. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடைத்தால் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அதுதான் வழி. காலை உணவுக்கு முன்னால் போடச் சொல்லி க்ளிமிபிரைடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரவு ஷிப்டில் அவருக்குக் காலை உணவு எது? மாத்திரையைப் போட்டுவிட்டு இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம் தள்ளிப் போனால் சர்க்கரை சட்டென்று இறங்கும், கண் இருட்டும், கை நடுங்கும். சுழலும் இரும்புக்கு எதிரே அந்த நடுக்கம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருமுறை அப்படி ஆனபின் அவர் இரவு ஷிப்டு வாரங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மருத்துவமனையில் இதற்குப் பெயர் 'ஒத்துழைக்காத நோயாளி'. என் கணக்கில் அது தன் விரல்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எடுத்த முடிவு. ஷிப்டு மாறினால் மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, எந்த மாத்திரையைக் கேட்டு வாங்கினால் இந்த இறக்கம் குறையும் என்று நான் கேட்ட எந்த வகுப்பிலும் யாரும் பேசவில்லை.

மொழியும் இருக்கிறது. தொழிற்பேட்டையின் கணிசமான வேலையை இன்று பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள். அவர்களுக்காக இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு வகுப்பு நடத்துவதாக ஒரு பேனரைக்கூட நான் பார்த்ததில்லை.

உணவுப் பட்டியலைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் ஓட்ஸைப் பற்றிப் பேசுவது பாடமாகாது. அதே ரேஷன் அரிசி, அதே துவரம் பருப்பு, சந்தையில் பத்து ரூபாய்க்கு வரும் முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை: இவற்றை வைத்துத் தட்டில் சோற்றைப் பாதியாக்குவது எப்படி, மீதிப் பாதியை எதால் நிரப்பினால் பசி அடங்கும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் நின்று காட்டுங்கள். அதைச் சொல்லித் தர வேறு எங்கோ இருந்து நிபுணர் வரவேண்டாம், அத்திப்பட்டிலேயே ஆள் இருப்பார்.

இலவசமாகத்தானே நடத்துகிறார்கள், இதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள், பதில் சொல்லியாக வேண்டும். முகாமில் ஒரே ஒருமுறை விரலில் குத்திப் பார்த்து, காலை இட்லிக்குப் பிறகு வந்த எண்ணைக் காட்டி, "எல்லைக்கோட்டில் இருக்கு, ஒருதடவை ஆஸ்பத்திரிக்கு வந்திடுங்க" என்கிறார்கள். அங்கே போனால் எக்கோ, ட்ரெட்மில், ஸ்கேன் என்று நீள்கிறது. யாருக்கு உண்மையில் தேவையோ அவர் அந்தக் கட்டணத்தைக் கேட்டுத் திரும்பி வந்துவிடுகிறார், தேவையே இல்லாதவர் பயந்து கட்டிவிடுகிறார். முகாமில் கண்ட நோய்க்கு அடுத்த மாதம் யார் மருந்து கொடுப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்த முகாமைச் சேவை என்று என்னால் ஏற்க முடியாது. எல்லா மருத்துவமனைகளும் இப்படி என்று சொல்ல வரவில்லை. அம்பத்தூரில் 1966 முதல் இயங்கும் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை, ஆலை வந்த இடத்துக்கு வைத்தியமும் வரவேண்டும் என்று ஒரு தொழில் குடும்பத்தின் அறக்கட்டளை நினைத்ததால் எழுந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் நிரந்தர ஊழியர்களுக்கென்று தனி மருத்துவமனை உண்டு. ஆனால் அதே ஆவடியில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒருவர் இருந்தால், அல்லது சம்பளம் 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய் இ.எஸ்.ஐ. வரம்பைச் சற்றே தாண்டிவிட்டால், அவர் முகாம்களின் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இந்த இருவருக்கும் விழிப்புணர்வு ஒன்றுதான். ஒருவருக்குப் போக ஒரு கதவு இருக்கிறது, இன்னொருவருக்குக் கூப்பன் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கான வகுப்புகள் இப்போது இந்தப் பக்கம் பெருகிவிட்டன. வளைகாப்பு நடத்துகிறார்கள், மூச்சுப்பயிற்சி சொல்லித் தருகிறார்கள், புகைப்படம் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். நல்லதுதான். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அது 36, தனியாரில் 63.8. வகுப்பு நடத்தும் மருத்துவமனை தன் சொந்த எண்ணை அந்த வகுப்பில் சொல்கிறதா? தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறவர்களில் எத்தனை பேருக்குக் கத்தி வைக்கிறீர்கள் என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் பதில் வருமா? அந்தப் பெண்ணுக்கு உண்மையில் தேவையான கல்வி அந்த எண்தான். அதை மறைத்துவிட்டு மூச்சை இழுத்துவிடச் சொல்வது பாதிப் பாடம்.

இங்கேதான் டாக்டர்களைப் பற்றிய செய்தி என்ற இரண்டாவது விஷயம் வருகிறது. வட்டாரப் பத்திரிகையைப் புரட்டினாலும், மேம்பாலத் தூணைப் பார்த்தாலும் டாக்டர்களின் படங்களுக்குக் குறைவில்லை. இன்ன விருது பெற்றார், இன்ன சாதனை அறுவை செய்தார், 'ஆவடியில் முதன்முறையாக' இன்ன இயந்திரம் வந்தது. அந்த டாக்டர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு இருப்பார், எவ்வளவு வாங்குவார் என்ற விவரம் மட்டும் இருக்காது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை, நோயாளிகளை ஈர்க்க டாக்டர்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. ஏழு விஷயங்களை மட்டும் பத்திரிகையில் அறிவிக்கலாம் என்று அனுமதிக்கிறது: தொழில் தொடங்குவது, சிகிச்சை வகையை மாற்றுவது, முகவரி மாறுவது, தற்காலிகமாக இல்லாமல் இருப்பது, மறுபடி வருவது, இன்னொருவரின் இடத்தை ஏற்பது, கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்வது. இந்த ஏழும் நோயாளிக்குப் பயன்படுகிற செய்திகள். இவை ஏழும்தான் நமக்கு வருவதில்லை. விதி தனி டாக்டரின் கையைக் கட்டுகிறது, மருத்துவமனை என்ற நிறுவனத்தின் பேனரை அந்த அளவுக்குத் தொடுவதில்லை. அதனால் அனுமதிக்கப்பட்ட செய்தி வராமல் போய், அனுமதிக்கப்படாதது தூணுக்குத் தூண் தொங்குகிறது.

சின்னச் சின்னத் தெருக்களில் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 'கைராசி டாக்டர்' என்று ஜனங்கள் தேடிப் போவது அவர்களைத்தான். அப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது, பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று அவர்களுக்கு ஏட்டைப் பார்க்காமல் தெரியும். வடசென்னையில் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-இல் மறைந்தபோதும், வியாசர்பாடியில் அதேபோல் வாழ்ந்த டாக்டர் திருவேங்கடம் வீரராகவன் 2020-இல் மறைந்தபோதும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. உயிரோடு இருக்கும்போது எழுதியிருக்க வேண்டியது அது. மேற்குப் புறநகரில் இன்று அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுடைய இடத்துக்கு யார் வருகிறார்கள், அந்தக் கிளினிக் மருந்துக்கடையாக மாறுகிறதா, பெரிய மருத்துவமனையின் ஆள் பிடிக்கும் கிளையாக மாறுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய வட்டார மருத்துவச் செய்தி.

அரசுத் தரப்பிலும் செய்திக்குத் தட்டுப்பாடு. 2023 ஜூன் 6 அன்று தமிழ்நாடு முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு, மாலை நான்கிலிருந்து எட்டு என்று நேரம் வைத்தார்கள். மாலையில் திறந்திருக்கும் அரசு மையம் என்பது இரண்டு மணி ஷிப்டு இல்லாத எந்தத் தொழிலாளிக்கும் பெரிய விஷயம். அது தன் வீட்டிலிருந்து எத்தனை தெரு தள்ளி இருக்கிறது, இந்த மாதம் டாக்டர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்று அயப்பாக்கத்திலோ திருமுல்லைவாயிலிலோ எத்தனை பேருக்குத் தெரியும்? இதில் உண்மையாகவே விழிப்புணர்வு குறைவு. ஆனால் இதைத் தெரியப்படுத்த ஒரு வகுப்பும் நடப்பதில்லை.

மக்களுக்கு எல்லாமே தெரியும் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுவலியைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் இறப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரை அழுத்திவிட்டு மூச்சை இழுக்காமல் நாக்கில் மருந்தை வீணாக்குபவர்கள் ஏராளம். மரத்துப்போன பாதத்தில் ஆணி ஏறியது தெரியாமல் நடந்து, கால் இழந்தவர்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கொரட்டூரிலும் ஆவடியிலும் நாட்கணக்கில் மின்சாரம் போனபோது, குளிர்பெட்டியில் வைத்த இன்சுலினை என்ன செய்வது என்று கேட்க ஆளில்லாமல் இருந்தார்கள். இவையெல்லாம் கற்றுத்தர வேண்டியவை, சந்தேகமில்லை. ஆனால் கவனியுங்கள், இவை ஒவ்வொன்றும் கையால் செய்து பழக வேண்டிய வேலை. இன்ஹேலரை வாயில் வைத்துக் காட்டி, அவரைச் செய்யச் சொல்லி, தப்பைத் திருத்தி, அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கப் பழக்க வேண்டும். மண்பானைக்குள் ஈரம் படாமல் இன்சுலினை வைக்கும் முறையைக் காட்ட வேண்டும். இருநூறு பேரை உட்கார வைத்து மைக்கில் இதைச் செய்ய முடியாது. பத்துப் பேர், ஒரு செவிலியர், ஒரு மேசை போதும்.

மாரடைப்புப் பாடமும் ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருக்க முடியும். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றின் முதல் தவணையை இருப்பில் வைத்திருக்கிறார்கள். திருநின்றவூரில் இரவு பதினோரு மணிக்கு வலி வந்தால் எந்த நிலையத்தில் ஆள் இருப்பார், 108-இல் ஏறினால் எந்த மருத்துவமனையில் அந்த நேரத்தில் அடைப்பை நீக்கும் வசதி உண்டு, பூந்தமல்லியிலிருந்து போனால் எது, ஆவடியிலிருந்து போனால் எது? இதுதான் அந்தப் பகுதிக்கான வகுப்பு. இதயத்துக்கு நான்கு அறைகள் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972-இல் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டத்தை விழிப்புணர்வின் வெற்றி என்று நம் ஊர் மேடைகளில் மேற்கோள் காட்டுவார்கள். அதை முழுதாகச் சொல்வதில்லை. அந்த மாகாணத்து மக்களே, எங்கள் ஆண்கள் இப்படி இளவயதில் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்று அரசிடம் மனு கொடுத்துத்தான் அது தொடங்கியது. தெரிந்திருந்ததால்தான் மனு. பிறகு இல்லத்தரசிகள் சங்கத்தோடு சேர்ந்து சமையல் கூட்டங்கள் நடத்தினார்கள், சாசேஜ் செய்பவர்களிடமும் பால் பண்ணைகளிடமும் பேசிக் கொழுப்பையும் உப்பையும் குறைக்க வைத்தார்கள். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் எண்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அம்பத்தூருக்கு அதை மொழிபெயர்ப்பதானால், தொழிற்சாலைக் கேன்டீன் காண்டிராக்டரையும் ஓ.டி. இடைவேளை நேரத்தை முடிவு செய்யும் மேனேஜரையும் வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

கடைசியாக ஒரு ஆட்சேபம் மிச்சம். வீட்டுக்கே மாத்திரை வந்த பிறகும் டப்பாவில் போட்டு வைத்துச் சாப்பிடாதவர்கள் இருக்கிறார்களே, கட்டுக்குள் இருப்பவர்கள் இன்னும் 17 விழுக்காடுதானே, இது விழிப்புணர்வுக் குறை இல்லையா என்கிறார்கள். சாப்பிடாதவரிடம் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வார். வயிறு எரிகிறது, தலை சுற்றுகிறது, இரண்டு மாதம் முன்பு வேறு நிறத்தில் வந்தது, தன்னார்வலர் வரும் நேரம் நான் வீட்டில் இல்லை, வேலைக்குப் போய்விட்டேன். இவற்றில் ஒன்றுகூடச் சொற்பொழிவால் தீராது. மருந்தை மாற்றவும், அளவைக் கூட்டவும், நேரத்தைத் திருத்தவும் அதே டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். 2024-இல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பணியிடத்துக்கே போகிறது என்பது சரியான திசை. அது சிறு பட்டறைகளுக்கும், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் லேத் கூடங்களுக்கும் இறங்கி வரவேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெரும்பகுதி அப்படிப்பட்ட கூடங்கள்தான்.

ஆகவே மேற்குப் புறநகரில் வகுப்பு நடத்த நினைக்கும் மருத்துவமனைகளிடம் கேட்பது இதுதான். ஞாயிறு காலையை விட்டுவிட்டு ஷிப்டு மாறும் நேரத்துக்கு வாருங்கள், காலை ஆறுக்கோ பிற்பகல் இரண்டுக்கோ. ஒரே செவிலியரை ஒரே இடத்துக்கு மாதந்தோறும் அனுப்புங்கள். கூப்பனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் டாக்டர்கள் எந்த நேரம் இருப்பார்கள், என்ன வாங்குவார்கள், உங்கள் சிசேரியன் விழுக்காடு என்ன என்று வாசலில் எழுதிப் போடுங்கள். கண்டுபிடித்த நோயாளிக்குத் தொடர்ந்து மருந்து கிடைக்க அருகில் உள்ள நலவாழ்வு மையத்தில் அவரைப் பதிந்துவிட்டு, அடுத்த மாதம் போனாரா என்று கேளுங்கள். மண்டப வாடகைக்கும் பேனருக்கும் செலவாகும் பணத்தில் இதெல்லாம் நடக்கும். அதற்குப் பிறகும் யாராவது மேடையேறி விழிப்புணர்வு இல்லை என்று சொன்னால், எந்த வகையில் இல்லை, எந்தத் தெருவில் இல்லை, எப்படிப் பார்த்தீர்கள் என்று கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து கேட்கட்டும்.